சும்மா உட்கார ஒரு கரை

'நம்ம பத்திரிகையில பிக்னிக் கட்டுரையா?' என்று தோழர்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். கொலைகளைப் பற்றி எழுதியிருக்கிறோம். தேர் வடத்தைப் பற்றி, இரட்டைக் குவளையைப் பற்றி, சுடுகாட்டுப் பாதையைப் பற்றி எழுதியிருக்கிறோம். இனியும் எழுதத்தான் போகிறோம், அவர்கள் விடப்போவதில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டி பிள்ளைகளோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்து புளிச்சோறு தின்பதைப் பற்றி நாம் ஒரு வரி எழுதியதில்லை. ஏன் எழுதவில்லை என்று கிளறிப் பார்த்தால் அதற்குள்ளும் சாதிதான் உட்கார்ந்திருக்கிறது.

நான் சொல்ல வருவது வைகை அணைப் பூங்காவை. மதுரைக்கு மேற்கே சுமார் 70 கிலோமீட்டர். ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறி, உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டியில் இறங்கிப் போக வேண்டும். மதுரைக்காரனுக்கு வைகை வாசலிலேயே ஓடுகிறதே, அதைப் பார்க்க எதற்கு 70 கிலோமீட்டர் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வாசலில் ஓடுவது சாக்கடை. ஆல்பர்ட் விக்டர் பாலத்தில் நின்று எட்டிப் பாருங்கள்: ஆகாயத்தாமரை, பந்தல்குடி வாய்க்கால் கொண்டுவந்து கொட்டுகிற கழிவு, நடுவே மேய்கிற எருமை. சித்திரை மாதம் அழகர் இறங்குவதற்காக அணையைத் திறந்து விடுவார்கள். அன்றைக்கு மட்டும் மதுரைக்கு ஆறு இருக்கும். சாமிக்குத் திறக்கிறார்கள், ஆசாமி அதில் நனைந்துகொள்ள வேண்டியதுதான். மற்ற நாளில் இந்த ஊர் ஜனங்கள் தண்ணீரைத் தண்ணீராகப் பார்க்க வேண்டுமென்றால் அணைக்குத்தான் போக வேண்டும்.

போன கோடையில் எங்கள் கிளையில் ஒரு ஞாயிறு எல்லோரும் குடும்பத்தோடு வெளியே போகலாம் என்று பேச்சு வந்தது. ஒருவர் சொன்னார்: "எதுக்குங்க அணையும் பொம்மையும்? நமக்குத் தெரிஞ்சவரு தோப்பு ஒண்ணு வைகைக் கரையோரமா இருக்கு. மோட்டார்ல தண்ணி பாயும். ஆத்துலயும் இறங்கலாம். கெடா வெட்டி ஜமாய்ச்சுருவோம்." எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது. தோப்பு என்றால் எனக்கு நிழல் ஞாபகம் வராது, தோப்புக்காரர் ஞாபகம்தான் வரும். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே வருவார். "தம்பிக்கு எந்தூரு?" என்பார். ஊரைச் சொன்னால், "அங்க எந்தத் தெரு?" என்பார். தெருவைச் சொல்லாமல் மழுப்பினால், "அப்பா என்ன வேல பாத்தாரு?" என்பார். மூன்றே கேள்வி. மூன்றாவதில் என் பிள்ளை குளிக்கிற தொட்டித் தண்ணீர் அவருக்கு அழுக்காகிவிடும். வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டார். நாங்கள் கிளம்பிய பிறகு தொட்டியைக் கழுவிவிடச் சொல்வார், அவ்வளவுதான். கழுவப் போகிறவரும் நம்மாளாகத்தான் இருப்பார்.

நான் அணைக்கே போவோம் என்றேன். "டிக்கெட் வாங்கிட்டுப் போயி பொம்மையப் பாக்கணுமா?" என்று சிரித்தார்கள். எனக்கு அந்த டிக்கெட்தான் வேண்டியிருந்தது என்று அவர்களுக்கு எப்படி விளங்கவைப்பது?

நாளெல்லாம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவன் நான். டோக்கன் நம்பரைக் கூப்பிடுவேன், வருவார்கள், பணத்தை எண்ணிக் கொடுப்பேன். டோக்கனுக்குச் சாதி கிடையாது. இது பெரிய புரட்சி என்று நான் சொல்ல வரவில்லை. பணம் என்பது எத்தனை கொடூரமான விஷயம் என்று என்னைவிடப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் குறைவு. ஆனாலும் ஒரு சீட்டைக் கிழித்து நீட்டினால் 'உள்ளே போ' என்று ஒரு கதவு திறக்கிறதே, அந்தச் சீட்டின் அருமை, கதவே இல்லாத வெட்டவெளியில்கூட நுழைய முடியாமல் நின்றவனுக்குத்தான் தெரியும்.

எங்கள் ஊரும் வைகைக் கரைதான். பெயர் வேண்டாம், எல்லா ஊரும் அதே லட்சணம்தான். தண்ணி வருகிற திசையில் ஊர்க்காரர்கள் படித்துறை. அதற்குக் கீழே வண்ணாந்துறை. அதற்கும் கீழே மாடு கழுவுகிற இடம். அதற்கும் கீழே நாங்கள். ஒரே ஆறு, ஒரே தண்ணீர், ஆனால் வரிசை மாறாது. மனு எழுதி வைத்ததை ஆற்று வாட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள். என் அம்மாச்சி "ஆத்துக்குப் போயிட்டு வாரேன்" என்றால் வேலைக்குப் போகிறாள் என்று அர்த்தம். மணல் சலிக்க, சாணிக்கூடையைக் கழுவ, ஊர்க்காரர் வீட்டு விசேஷம் முடிந்தால் அண்டா குண்டா விளக்க. ஆண்களுக்கு ஆறு என்றால் சுடுகாடு. விறகு அடுக்குவது, பறை அடிப்பது, விடியவிடியப் பிணம் காப்பது. ஆற்றங்கரையில் *சும்மா* உட்காருவது என்பது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாத வித்தை. சும்மா உட்கார்ந்தால் "என்னடா, வேல வெட்டி இல்லையா?" என்று கரைமேல் இருந்து ஒரு குரல் வரும். மேல்சாதிக்காரன் ஆற்றங்கரையில் உட்கார்ந்தால் காற்று வாங்குகிறான். சேரிக்காரன் உட்கார்ந்தால் நோட்டம் பார்க்கிறான்.

ஓய்வு என்பது வேலை முடிந்தபின் தானாக வருவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. நிலத்தைப் போல, தண்ணீரைப் போல, அதையும் ஒரு கூட்டம் தன் பெயருக்குப் பட்டா போட்டு வைத்திருக்கிறது. வைகை அரசாங்கப் புறம்போக்கு, யாரும் இறங்கலாம் என்பார்கள். ஆறு புறம்போக்குதான். ஆற்றுக்குப் போகிற வரப்பு பட்டா. அங்கேதான் நம்மை மறிக்கிறார்கள்.

அண்ணல் இதைக் கண்டிருந்தார். 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார்; அதை ஆண்டுதோறும் நாம் கொண்டாடுகிறோம். ஆனால் அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவை நிதானமாகப் படித்திருக்கிறோமா? கிணறு, குளம், படித்துறை, சாலை என்று அடுக்கிக்கொண்டு வந்து, கடைசியில் பொதுமக்கள் வந்துபோகிற இடங்கள் என்று முடிகிறது. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படுகிற அப்படிப்பட்ட எந்த இடத்திலும் சாதியைச் சொல்லி ஒருவரை ஒதுக்கக்கூடாது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976-க்குப் பிறகு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 4-ஆம் பிரிவும் ஆறு, ஓடை, ஊற்று, படித்துறை, பொதுக் கேளிக்கை இடம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. கவனியுங்கள்: கேளிக்கை இடம்! குடிக்கத் தண்ணீர் மட்டும் போதும், மிச்சமெல்லாம் ஆடம்பரம் என்று சட்டம் எழுதியவர்கள் நினைக்கவில்லை. நம் மேடைப் பேச்சாளர்கள்தான் நினைக்கிறார்கள்.

இதை ஆடம்பரம் என்கிறவர்கள் சிகாகோவைப் பார்க்க வேண்டும். 1919 ஜூலை 27. நல்ல வெயில். யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்புப் பையன் மிச்சிகன் ஏரியில் கட்டுமரம் போல ஒன்றைப் பிடித்துக்கொண்டு மிதந்துகொண்டிருந்தான். வெள்ளையர் குளிக்கிற பக்கம் இது, கறுப்பர் குளிக்கிற பக்கம் அது என்று கரையில் ஒரு கோடு. தண்ணீரில் எங்கே கோடு இருக்கிறது? மிதந்து போனவன் அந்தப் பக்கம் போய்விட்டான். ஒரு வெள்ளையன் கல்லெறிந்தான். பையன் மூழ்கிச் செத்தான். கல்லெறிந்தவனைப் பிடிக்கப் போலீஸ்காரன் மறுத்தான். அதில் மூண்ட கலவரத்தில் 38 பேர் மாண்டார்கள், 23 பேர் கறுப்பர். தென்னாப்பிரிக்காவில் 1953-ல் தனி வசதிச் சட்டம் என்றே ஒன்று போட்டு, பூங்காவுக்கும் கடற்கரைக்கும் பலகை நட்டார்கள். 1990-ல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. குளிக்கிற இடம், விளையாடுகிற இடம், காற்று வாங்குகிற இடம், இதையெல்லாம் ஒடுக்குகிறவன் ஒருபோதும் அற்ப விஷயமாக எண்ணியதில்லை. நாம்தான் எண்ணுகிறோம்.

நமக்குப் பலகை தேவைப்படவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நம் ஊரில் பலகை ஆட்களின் கண்ணில் இருக்கிறது.

ஆறு என்றதும் 1999 ஜூலை 23-ஐ மறக்க முடியுமா? திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியது. ஓட வழியில்லாமல் தாமிரபரணியில் இறங்கினார்கள். 17 பேர் பிணமாகத்தான் கரை ஏறினார்கள். கைக்குழந்தையும் அதில் உண்டு. நம் ஜனம் கூட்டமாக ஆற்றில் இறங்கிய நாளின் கதை அது. அதற்குப் பிறகு பல வருசம் என்னால் எந்த ஆற்றையும் அழகாகப் பார்க்க முடியவில்லை. பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஆற்றைச் சாவோடும் சுமையோடும் மட்டுமே நமக்கு எழுதி வைத்துவிட்டுப் போகிறார்களே, அதை அப்படியே ஏற்றுக்கொள்வானேன்?

அணைக்கு வருகிறேன். 1959 ஜனவரி 21-ல் முதல்வர் காமராசர் வைகை அணையைத் திறந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட அது தெரியும். அன்றைக்குப் பொதுப்பணித்துறை அமைச்சர் யார் என்று கேட்டுப் பாருங்கள். நம்மவர்களிலேயே பாதிப் பேர் விழிப்பார்கள். மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டிக் கக்கன். 1957 முதல் 1962 வரை அந்தத் துறை அவர் கையில் இருந்தது. ஆற்றைத் தேக்கி நிறுத்திய அணை திறக்கப்பட்டபோது, அந்தத் துறையின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஆற்றின் கடைசிப் படித்துறை ஜனத்தில் பிறந்தவர்.

இதே கக்கன் 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் அழைத்துச் சென்றவர்களில் ஒருவர். அந்த நிகழ்ச்சியைச் சொல்லிச் சொல்லி மதுரை பெருமைப்பட்டுக்கொள்கிறது. அழைத்துச் சென்றவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். உள்ளே போனவர்கள் பெயரைக் கேட்டால் தலையைச் சொறிவார்கள். எனக்கு அந்த நுழைவைவிட இந்த நுழைவு பெரிதாகப் படுகிறது. கோயிலுக்குள் போக நல்ல மனசுக்காரர் ஒருவர் முன்னால் போக வேண்டியிருந்தது. அணைப் பூங்காவுக்குள் போக யாருடைய நல்ல மனசும் தேவையில்லை. டிக்கெட் எடுத்தால் போதும். தயவில் நுழைவது வேறு, உரிமையில் நுழைவது வேறு.

கக்கன்மேல் நமக்கு விமர்சனம் இல்லாமல் இல்லை. காங்கிரஸ் வளர்த்த 'அரிசன' அரசியலின் பிள்ளை அவர். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை அரசு ஒடுக்கியபோது உள்துறை அமைச்சர் அவர்தான். அதையெல்லாம் மறைத்து அவருக்கு மாலை போடச் சொல்லவில்லை. அதே நேரம், பதவி போனபின் மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண வார்டில் கிடந்த மந்திரி அவர். 1981-ல் செத்துப் போனார். எளிமை எளிமை என்று அவரைப் பாடுகிறவர்கள் அந்த எளிமையைத் தாங்கள் வைத்துக்கொள்ளாமல் நமக்கே சிபாரிசு செய்கிறார்கள், கவனித்தீர்களா? சேரியில் பிறந்தவன் மந்திரியானாலும் எளிமையாகவே சாக வேண்டும்.

அணைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தேங்கி நிற்கிற தண்ணீருக்கு அடியில் ஊர்கள் கிடக்கின்றன. அந்த இழப்பை வைரமுத்து 'கள்ளிக்காட்டு இதிகாசம்' என்று நாவலாக எழுதினார், 2003-ல் சாகித்ய அகாடமி விருதும் கிடைத்தது. அதன் நாயகர் பேயத்தேவர், நிலமும் வீடும் உடையவர். அவர் துயரம் பொய்யில்லை. ஆனால் அங்கே நிலமே இல்லாதவர்களும் இருந்திருப்பார்களே, அடுத்தவர் காட்டில் களை எடுத்தவர்கள், பட்டா இல்லாத குடிசையில் இருந்தவர்கள்? 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் பத்திரம் வைத்திருந்தவனோடுதான் பேசும். காட்டில் கூலி வேலை பார்த்தவரும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்று சட்டம் ஒப்புக்கொண்டது 2013-ல். அணை திறந்து 54 வருசம் கழித்து! இழப்பதற்கும் ஒரு பத்திரம் வேண்டியிருக்கிறது. அந்த இதிகாசத்தை நம் ஆள் ஒருவர் எழுத வேண்டும்.

இந்த முரண் எனக்குத் தெரியாமல் இல்லை. அணைக்கட்டைப் பார்த்து வாய் பிளந்து நிற்கிறபோதும் தெரிகிறது. நீர்மட்டம் 66 அடி வந்தால் முதல் எச்சரிக்கை, 68.5 வந்தால் இரண்டாவது, 69 வந்தால் மூன்றாவது. 71 அடி முழுக் கொள்ளளவு. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டக் கரையோர மக்களும் ஆற்றில் இறங்க வேண்டாம், பாதுகாப்பான இடத்துக்குப் போகவும் என்பார்கள். கரையோரத்தில், பள்ளத்தில், எந்த மக்கள் குடியிருக்கிறார்கள்? மேட்டில் ஊர், பள்ளத்தில் சேரி. தண்ணி வறண்டால் கடைசியில் கிடைப்பது நமக்கு, பெருகினால் முதலில் வருவது நமக்கு. அந்த எச்சரிக்கையையும் தெருத்தெருவாகத் தப்படித்துச் சொன்னவர் யார்? 2022-ல்தான் தண்டோரா போடுவதை நிறுத்தச் சொல்லித் தமிழக அரசு உத்தரவிட்டது.

இத்தனையும் தெரிந்துகொண்டேதான் பூங்காவில் போய் உட்கார்ந்தேன். வலது கரையில் ஒரு பூங்கா, இடது கரையில் ஒரு பூங்கா, நடுவே ஆற்றைக் கடக்க ஒரு தரைப்பாலம். அதில் நடந்தால் காலுக்குக் கீழே தண்ணி சலசலவென்று போகும். எங்கு பார்த்தாலும் ஜனம். உசிலம்பட்டிக்காரர், பெரியகுளத்துக்காரர், செல்லூர்க் கைத்தறிக் குடும்பம், காதும் காதும் வைத்தாற்போல வந்த காதல் சோடிகள். ஒரு போர்வையை விரித்தால் அது நம் இடம். பக்கத்துப் போர்வைக்காரர் அப்பளம் நீட்டுவார். நாம் எலுமிச்சை ஊறுகாய் நீட்டலாம். வாங்கிக்கொள்வார். அவர் யாரோ, நாம் யாரோ. சாயங்காலத்துக்குள் மறந்துவிடுகிற முகங்கள். ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளாமல் இருப்பதில் இப்படி ஒரு சுகம் இருக்கிறது. கிராமம் அழகு, கிராமத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்று எழுதுகிறார்களே கதாசிரியர்கள், தெரிவதுதானய்யா எங்கள் கேடு!

சாதி கேட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறது என்று சொல்லவில்லை. வேன் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற படத்தில் அது இருக்கிறது. பையன்கள் மணிக்கட்டில் கலர்கலராகக் கட்டியிருக்கிற கயிற்றில் இருக்கிறது. அந்தக் கயிறுகளைப் பள்ளிக்கூடத்தில் தடை செய்ய வேண்டுமென்று 2024-ல் நீதிபதி சந்துரு குழு சொல்ல வேண்டி வந்தது. இன்னொன்றும் பார்த்தேன். ஆண்கள் நாங்கள் சீட்டு விளையாடினோம், தூங்கினோம். பெண்கள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கட்டிய சோற்றை அங்கேயும் அவர்களே பரிமாறி, எச்சில் இலையை அவர்களே எடுத்தார்கள். ஓய்வுக்கு ஊர்ப்பட்டா ஒன்று இருப்பதைப் போல வீட்டுப்பட்டாவும் ஒன்று இருக்கிறது. அதை நம் ஆண் தோழர்கள் தாமாக எழுதிக் கொடுக்கிற வழியைக் காணோம். அடுத்த தடவை இலை எடுப்பது நாம்தான் என்று புறப்படும்போதே பேசிக்கொண்டு புறப்பட்டால் நல்லது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆற்றங்கரை, மலையடிவாரம், ஏரிக்கரை எல்லாவற்றிலும் கம்பி வேலி எழும்புகிறது. ரிசார்ட் என்கிறான், ஃபார்ம் ஹவுஸ் என்கிறான். பழைய தோப்புக்காரரின் மூன்று கேள்விக்குப் பதிலாக ஒரே கேள்வி: 'ஒரு ராத்திரிக்கு எத்தனை ஆயிரம் தருவாய்?' இதில் சாதி இல்லை என்று நம்மில் படித்தவர்கள் சிலர் ஏமாறுகிறார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு குடும்பத்தால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியுமா? அரசுப் பூங்காவின் கட்டணம் ஏழை குடும்பத்துக்குத் தாங்குகிற அளவில் இருக்கிறவரைக்கும்தான் நான் இவ்வளவு நேரம் பேசிய உரிமைக்கு உயிர். பராமரிப்பு, அழகுபடுத்தல், தனியார் பங்களிப்பு என்று அழகான சொற்களோடு யாராவது அங்கே வந்தால் முதலில் டிக்கெட் விலையைக் கேளுங்கள். நிலமீட்பு, கூலி, இடஒதுக்கீடு என்ற நம் கோரிக்கைப் பட்டியலில் பொதுப் பூங்காவும் பொதுக் கரையும் ஒரு வரியாவது இடம்பெற வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் ஆற்றுக்கு இறங்குகிற பாதையைப் புறம்போக்காக அளந்து கல் நடச் சொல்லித் தாசில்தாரிடம் மனுக் கொடுப்போம். வைகை அணைப் பூங்காவுக்குக் கக்கன் பெயரைச் சூட்டச் சொல்லியும் கேட்கலாம். பெயரால் வயிறு நிறையாது, ஆனால் கேட்கிற பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை கிடைக்கும்.

சேரியில் இரவுப் பள்ளி நடத்துகிற தோழர்களுக்கு ஒன்று. இந்த முழுப்பரீட்சை விடுமுறையில் பிள்ளைகளை ஒருநாள் அணைக்குக் கூட்டிப் போங்கள். போடி ரயில் 2023 முதல் முழுத் தூரமும் ஓடுகிறது, ஆண்டிபட்டியில் நிற்கும், பஸ்ஸைவிட மலிவு. மாற்றுத்துணி, துண்டு, குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் திறந்திருக்கிற நாளில் தரைப்பாலத்துப் பக்கம் போக வேண்டாம். கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள், பாட்டுச் சொல்லித் தராதீர்கள், அன்றைக்கு ஒருநாள் அவர்களை விட்டுவிடுங்கள்.